புதைபடிவமும் பத்தாம்பசலியும்

‘பாசில்’ என்ற சொல்லுக்கு மூலம் ‘ஃபாசிலிஸ்’ என்ற லத்தீன் சொல். தோண்டி எடுத்தது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் கிடையாது. தோண்டுதலைக் குறிக்கும் வினையில் பிறந்த அந்தச் சொல்லில் விலங்கு இல்லை, செடி இல்லை, பழமையும் இல்லை. கடப்பாரையும் மண்வெட்டியும்தான் இருந்தன. சுரங்க ஊர்களில் மருத்துவராக இருந்த ஜெர்மானியர் அக்ரிகோலா 1546-இல் பாசில்களின் இயல்பைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். இன்று அந்தத் தலைப்பைப் பார்த்து டைனோசரைத் தேடிப் போகிறவருக்கு அதில் உப்பு, படிகாரம், கந்தகம், பளிங்கு, ரத்தினம், உலோகத் தாது ஆகியவையே கிடைக்கும். நிலத்தின் மேல் விளைவது ஒரு வகை, நிலத்துக்குள் இருந்து வருவது இன்னொரு வகை. இரண்டாவது வகை முழுவதும் அன்றைக்குப் பாசில்தான். சூரிச் நகரத்து அறிஞர் கெஸ்னர் 1565-இல் படங்களோடு வெளியிட்ட நூலிலும் ரத்தினக் கல்லும் கல்லாகிப்போன சிப்பியும் ஒரே பந்தியில் உட்கார்ந்திருந்தன.

சிப்பி போன்ற கல்லையும் இலை பதிந்த கல்லையும் அக்காலத்து அறிஞர்கள் பார்க்காமல் இல்லை. ஆனால் அவை ஒரு காலத்தில் உயிரோடு இருந்தவை என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. மலைக்கு மேல் கடல் சிப்பி எப்படி வரும்? பாறைக்குள்ளேயே ஏதோ ஒரு வடிக்கும் ஆற்றல் இருந்து, உயிரினங்களைப் போல உருவங்களைச் செய்து விளையாடுகிறது என்று சொல்லித் திருப்தி அடைந்தவர்கள் பலர். மால்டா தீவில் ஏராளமாகக் கிடைத்த முக்கோணக் கற்களுக்கு ‘நாக்குக் கல்’ என்று பெயர். பாம்பின் நாக்குகள் கல்லாயின என்றார்கள். நிலவில்லாத இரவில் வானிலிருந்து விழுகின்றன என்று பழைய ரோமானிய நூல் ஒன்று சொல்லியிருந்தது. நஞ்சை முறிக்கும் என்று நம்பிக் கழுத்தில் கட்டிக்கொண்டார்கள்.

1666-இல் இத்தாலியின் லிவோர்னோ கடற்கரையில் ஒரு பெரிய சுறா பிடிபட்டது. அதன் தலையை வெட்டி ஃபிளாரன்சுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த டென்மார்க் உடற்கூறு அறிஞர் ஸ்டெனோ அதை அறுத்துப் பார்த்தபோது, வாய்க்குள் வரிசை வரிசையாக நாக்குக் கற்கள் இருந்தன. கல் அல்ல, பல். மால்டாவில் கிடைப்பவை பழைய சுறாக்களின் பற்கள் என்று அடுத்த ஆண்டே எழுதினார். திடமான ஒரு பொருள் இன்னொரு திடப்பொருளுக்குள் எப்படிப் போய் அடைபடும் என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு, 1669-இல் வெளியிட்ட சிறு நூலில், சேறும் மணலும் அடுக்கடுக்காகப் படிந்து பாறையாவதையும் கீழ் அடுக்கு மேல் அடுக்கைவிட மூத்தது என்பதையும் விளக்கினார். நிலவியல் என்ற துறையே அந்தச் சுறாவின் வாயிலிருந்து வெளிவந்தது என்று சொன்னால் அது பெரிய மிகையாகாது.

கருத்து மாறியும் சொல் உடனே மாறவில்லை. 18-ஆம் நூற்றாண்டிலும் உயிரினத்தின் எச்சத்தைக் குறிக்க, ‘வெளியிலிருந்து வந்த பாசில்’ என்று ஓர் அடைமொழி சேர்க்கவேண்டியிருந்தது. 1796-இல் பாரிசில் இயற்கையியலாளர் கூவியே, மாமத யானையின் எலும்பு இன்றைய எந்த யானையின் எலும்போடும் ஒத்துப்போகவில்லை, அந்த இனமே அழிந்துவிட்டது என்று காட்டினார். ஓர் இனம் முற்றாக அழியும் என்பது அப்போது பலருக்கு ஏற்க முடியாத செய்தி. அதன் பிறகுதான் கனிமமும் ரத்தினமும் அந்தச் சொல்லிலிருந்து மெல்ல வெளியேறின. எஞ்சியது இன்றைய பொருள்: முன்னொரு காலத்தில் வாழ்ந்த உயிரின் உடலோ, உடலின் பகுதியோ, அது விட்டுச்சென்ற தடமோ பாறையிலும் மண்ணிலும் தங்கியிருப்பது. பொதுவாகப் பத்தாயிரம் ஆண்டுக்கு மேற்பட்டதையே அப்படி அழைப்பது வழக்கம்.

தடம் என்பதையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். தான்சானியாவின் லாயடோலியில் 1978-இல் ஆய்வாளர் மேரி லீக்கியின் குழு கண்டது எலும்பு அல்ல. ஏறத்தாழ 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் சாம்பல் ஈரத்தில் இரண்டு காலால் நடந்து போனவர்களின் அடிச்சுவடு. காலுக்குரியவர் போய்விட்டார், நடை இருக்கிறது. விலங்கின் சாணமும் கல்லாகும். அதற்கென்று ஒரு கிரேக்கப் பெயரை 1829-இல் உருவாக்கியவர் பக்லண்ட் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். எல்லாப் புதைபடிவமும் கல்லாகித்தான் இருக்கவேண்டும் என்பதும் இல்லை. மரப்பிசினுக்குள் அகப்பட்ட கொசுவும் சைபீரியப் பனியில் மயிரோடு கிடைத்த மாமத யானையும் இந்தக் கணக்கில் வருபவை.

ஆனாலும் ஒன்று ‘கல்லாகிப் போவது’ எப்படி என்பதைக் கண்ணால் பார்க்கவேண்டுமானால் விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரைக்குப் போகலாம். பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னெரா 18-ஆம் நூற்றாண்டிலேயே இந்த இடத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். இப்போது இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பராமரிப்பில் தேசியக் கல்மரப் பூங்காவாக இருக்கிறது. செம்மண் மேட்டில், முள்மரங்களுக்கு நடுவே, அறுத்துப் போட்ட அடிமரங்கள் போல அவை கிடக்கின்றன. பட்டை உரிந்த இடம் தெரிகிறது, கிளை முறிந்த கணு தெரிகிறது, இழை ஓடிய திசை தெரிகிறது. விரல் கணுவால் தட்டினால் மட்டும் குட்டு வெளிப்படும்: ஒலிப்பது கல். வேரும் இல்லை, இலையும் இல்லை, எல்லாம் படுத்த நிலை. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் எங்கோ வளர்ந்து, வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு, ஆற்று மணலில் புதைந்த மரங்கள் இவை என்பதற்கு அதுவே சான்று.

மரம் காற்றுப் படும்படி கிடந்தால் கரையான் அரிக்கும், பூஞ்சை தின்னும், சில ஆண்டுகளில் மண்ணாகிவிடும். மணல் சட்டென்று மூடிவிட்டால் அந்த வேலை நின்றுபோகிறது. நிலத்தடி நீரில் மணலின் சத்தான சிலிக்கா கொஞ்சம் கரைந்திருக்கும். அந்த நீர் மரத்தின் நுண்ணறைகளுக்குள் ஊறி, சிலிக்காவை அங்கே விட்டுச் செல்கிறது. அறை அறையாக இது நடப்பதால், மரப்பொருள் போனபிறகும் மரத்தின் அமைப்பு அப்படியே நிற்கிறது. மெல்லிய சீவலாகத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால் எந்தக் குடும்பத்து மரம் என்றுகூடச் சொல்லிவிடலாம். தச்சர்கள் ‘வைரம் பாய்ந்த மரம்’ என்று நடுக்கட்டையைச் சொல்வார்கள். திருவக்கரையில் பாய்ந்திருப்பது பேச்சுக்கான வைரம் அல்ல. தீக்கல்லோடு உரசக்கூடிய உறுதி. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கிடக்கும் 18 மீட்டர் நீளக் கல்மரம் இன்னும் மூத்தது, டைனோசர்கள் உலவிய கிரெட்டேசியஸ் காலத்தைச் சேர்ந்தது.

அதே காலத்தில் அரியலூர் கடலடியாக இருந்தது. சிமென்ட் ஆலைகளுக்காக வெட்டப்படும் அந்த வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல் பெரும்பாலும் கடலுயிர்களின் ஓடுகளால் ஆனது. காரைப் பகுதியின் வெடித்த நிலத்தில் ஒரு மழை பெய்து ஓய்ந்தால் சுறாப் பல்லும் சிப்பியும் சுருள் ஓடுகளும் மண்ணிலிருந்து எட்டிப் பார்க்கும். கருடமங்கலத்துச் சிப்பிக் கல்லை மெருகேற்றி ‘திருச்சி மார்பிள்’ என்ற பெயரில் அலங்காரப் பொருள்கள் செய்திருக்கிறார்கள். உருண்டையாக ஏதாவது கிடைத்தால் டைனோசர் முட்டை என்று செய்தி பரவுவதும் உண்டு. பெரும்பாலும் அது ஓர் ஓட்டைச் சுற்றிக் கட்டிப்போன கல்லுருண்டையாகவே முடிகிறது.

இந்தச் சுருள் ஓடுகளில் பெரும்பங்கு அம்மோனைட் என்ற உயிரினத்துடையது. கணவாயின் தூரத்துச் சொந்தம். இதைப் போல மனிதர்கள் விதவிதமாகப் படித்த புதைபடிவம் வேறு இருக்காது. மத்தியதரைக் கடல் நாட்டவர்கள் ஆட்டுக்கிடாயின் கொம்பாகப் பார்த்து, கிடாக் கொம்புடைய அம்மோன் கடவுளின் பெயரைச் சூட்டினார்கள். இங்கிலாந்தின் விட்பி கடற்கரையில் அதுவே சுருண்ட பாம்பு. ஹில்டா என்ற துறவி அந்த ஊர்ப் பாம்புகளைக் கல்லாக்கினாராம். தலை இல்லாத பாம்பா என்று யாரும் கேட்டுவிடக்கூடாது என்பதற்காக, வியாபாரிகள் கல்லில் தலையும் செதுக்கி விற்றார்கள். நேபாளத்தில் கண்டகி ஆற்றுக் கருங்கல்லுக்குள் அதுவே திருமாலின் சக்கரம், சாளக்கிராமம். 108 திவ்ய தேசங்களில் ஒன்றான முக்திநாத்துக்குச் சாளக்கிராமம் என்ற பெயரும் அதனால்தான். வெள்ளிப் பேழையில் துளசியோடு வைத்துத் தினமும் திருமஞ்சனம் செய்யும் வீடுகளில் அதைப் புதைபடிவம் என்று யாரும் நினைப்பதில்லை. நினைத்தாலும் பூசை குறையப்போவதில்லை.

தமிழில் இதற்கு ஒரே சொல் நிலைக்கவில்லை. தொல்லுயிர் எச்சம், புதையுயிர்ப் படிவம், தொல்படிமம், புதைபடிவம் என்று பாடநூலுக்குப் பாடநூல் மாறியது. இப்போது ‘புதைபடிவம்’ முந்திவிட்டது. நல்ல சொல்தான். புதைந்ததும் இருக்கிறது, படிந்ததும் இருக்கிறது. சேறு படிந்து பாறையாகும் கதை முழுவதும் இரண்டே உறுப்பில் அடங்கிவிடுகிறது. லத்தீன் சொல் வெளியே எடுத்தவனின் பக்கம் நின்று பேசுகிறது. தமிழ்ச் சொல் உள்ளே போனதன் பக்கம் நிற்கிறது. ஒரே ஒரு தொல்லை, ‘படிவம்’ என்பது அரசு அலுவலகத்தில் நிரப்பிக் கொடுக்கும் தாளுக்கும் பெயர். கட்டுக் கட்டாகக் கோப்புகளுக்கு அடியில் போன விண்ணப்பத்தையும் புதைபடிவம் என்று சொல்ல இலக்கணம் இடம் கொடுக்கும்.

‘பாசில்’ என்ற சொல்லின் முதல் பொருள் இன்னும் மறைந்து வாழும் இடம் ஒன்று உண்டு: புதைபடிவ எரிபொருள். நிலக்கரியும் பெட்ரோலும் பழைய உயிர்களின் எச்சத்திலிருந்து வந்தவை என்பதால் இந்தப் பெயர் என்றே இன்று எல்லோரும் கொள்கிறார்கள். செய்தி உண்மை, பெயரின் வரலாறு வேறு. காஸ்பர் நாய்மன் என்ற ஜெர்மானிய வேதியியலாளரின் நூல் 1759-இல் ஆங்கிலத்துக்கு வந்தபோது இத்தொடர் தோன்றியது. அங்கே அதற்குப் பொருள், காட்டில் வெட்டும் விறகுக்கு மாறாகத் தோண்டி எடுக்கும் எரிபொருள் என்பதே. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியில் கிளையும் பட்டையும் அடையாளம் தெரிகிற துண்டுகள் கிடைப்பதைப் பார்த்தவருக்கு இரண்டு பொருளும் ஒன்றாகவே தோன்றும்.

பொருள் இடம்பெயர்வது அடுத்த கட்டம். டார்வின் 1859-இல் ‘வாழும் புதைபடிவம்’ என்ற தொடரைக் கையாண்டார். முட்டையிட்டுப் பால் கொடுக்கும் பிளாட்டிபஸ் போல, ஒதுக்குப்புறத்தில் போட்டிக்கு அகப்படாமல் தப்பிய பழைய மரபின் எஞ்சிய பிரதிநிதிகளுக்காக. அந்தத் தொடருக்கு மவுசு கூடியது 1938 டிசம்பரில். தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் துறைமுகத்தில் வந்து சேர்ந்த மீன்குவியலில், நீலச் செதிலும் தசைப்பிடிப்பான துடுப்புமாக ஒரு பெரிய மீன். அருங்காட்சியகப் பொறுப்பாளர் மார்ஜரி கோர்ட்னி-லாட்டிமர் அதைக் குப்பைக்குப் போகவிடாமல் காப்பாற்றினார். சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அழிந்ததாகக் கருதப்பட்ட சீலகாந்த் அது. அவர் பெயரையே மீனுக்கு வைத்தார்கள். இருந்தாலும் ‘வாழும் புதைபடிவம்’ என்ற தொடரை உயிரியலாளர்கள் கொஞ்சம் தயக்கத்தோடுதான் பயன்படுத்துகிறார்கள். வெளித்தோற்றம் மாறாமல் இருப்பதால் உள்ளே எதுவும் மாறவில்லை என்று ஆகாது. மரபணு மாறிக்கொண்டுதான் இருக்கிறது.

மனிதரை நோக்கித் திரும்பும்போது சொல்லுக்கு முள் முளைத்துவிட்டது. ஆங்கிலத்தில் ஒருவரைப் பாசில் என்றால் காலத்தோடு நகராதவர், காலாவதியானவர் என்று ஏச்சு. அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் வைத்துக் காக்கும் பொருளின் பெயர் ஆளுக்கு வந்ததும் வசையாவது வேடிக்கைதான். தமிழ்ப் பேச்சில் புதைபடிவத்துக்கு இந்தப் பொருள் ஏறவில்லை, ஏறுவதற்கு இடமும் இல்லை. கல் இங்கே வேறு வேலைகளுக்கு ஏற்கெனவே அமர்த்தப்பட்டிருக்கிறது. “எண்பது வயசாச்சு, கல்லு மாதிரி இருக்கார்” என்றால் பாராட்டு. “குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கியே” என்றால் வேலை செய்யாததற்குத் திட்டு. இரக்கமில்லாதவனுக்குக் கல்நெஞ்சு, எதைக் கேட்டாலும் வாய் திறக்காதவன் கல்லுளிமங்கன். அதிர்ச்சியில் ஒருத்தி கல்லாய்ச் சமைந்து நிற்கலாம்; அகலிகை கதை தெரிந்த காதுகளுக்கு விளக்கம் தேவையில்லை. உறுதி, அசைவின்மை, இரக்கமின்மை, மௌனம் எல்லாம் கல்லுக்கு உண்டு. பழமை மட்டும் அதன் தலையில் ஏற்றப்படவில்லை.

அந்தச் சுமையைத் தூக்க வேறு சொற்கள் இருந்தன. பழைய பஞ்சாங்கம் ஒன்று. ‘கர்நாடகமான ஆள்’ என்பது இன்னொன்று. அதை இப்போது பெரியவர்கள் வாயில்தான் கேட்கமுடிகிறது. இவற்றையெல்லாம்விடக் கச்சிதமானது பத்தாம்பசலி.

அதற்குப் போகுமுன் மொழியியலார் ‘பாசில்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்ட விதத்தைப் பார்க்கவேண்டும். சுண்ணாம்புக்கல் சிப்பிகளால் ஆனதைப் போல மொழி பழைய உருவகங்களால் ஆனது என்ற ஒப்புமையை அமெரிக்க எழுத்தாளர் எமர்சன் 1844-லேயே செய்திருந்தார். அரியலூர்க் கல்லைக் கையில் எடுத்தவருக்கு அது உவமையாகவே படாது. மொழியியலாளர் லாரி செலிங்கர் 1972-இல், அயல்மொழி கற்கும்போது ஓரிடத்தில் உறைந்து, பிறகு எத்தனை ஆண்டு பேசினாலும் திருந்தாத பிழைகளுக்குப் ‘படிவமாதல்’ என்ற பொருளில் பெயர் வைத்தார். முப்பது ஆண்டு சென்னையில் கடை நடத்தி, கணக்கு வழக்கெல்லாம் தமிழிலேயே பேசுகிறவர், வாடிக்கையாளரைப் பார்த்து “நீ வா, நீ உட்காரு” என்றே சொல்லிக்கொண்டிருப்பது அதுதான்.

வழக்கொழிந்த ஒரு சொல் ஒரே ஒரு தொடருக்குள் மட்டும் உயிர் தங்கியிருந்தால் அதையும் சொற்படிவம் என்பார்கள். தமிழில் இவற்றுக்குத் தோண்டவே வேண்டாம், மேற்பரப்பிலேயே கிடக்கின்றன. ‘ஏட்டிக்குப் போட்டி’ என்பதில் உள்ள ஏட்டியைத் தனியாக எடுத்து யாரும் பேசுவதில்லை. ‘இம்மியும் பிசகாது’ என்கிறவருக்கு, இம்மி என்பது பழைய கீழ்வாய்க் கணக்கில் ஒன்றின் 21 லட்சத்துக்கும் மேற்பட்ட கூறுகளில் ஒன்று என்பது தெரிந்திருக்கவேண்டியதில்லை. 12 தம்பிடி ஓர் அணா, 16 அணா ஒரு ரூபாய் என்ற கணக்கு 1957 ஏப்ரலில் தசம நாணயம் வந்ததோடு முடிந்தது. தம்பிடியைக் கண்ணால் பாராத தலைமுறையும் “ஒரு தம்பிடி தேறாது” என்கிறது. நகைக்கடையில் இது இன்னும் துலக்கம். 8 கிராமைச் சவரன் என்கிறார்கள். சுமார் 8 கிராம் எடையுள்ள ‘சாவரின்’ என்ற பிரிட்டிஷ் தங்க நாணயம் கல்லாவை விட்டுப் போய்விட்டது, எடை தங்கிவிட்டது. அதே கடையில் “குந்துமணித் தங்கம்கூட இல்லை” என்று புலம்புகிறவர், பொற்கொல்லர் தராசில் குன்றிமணி எடைக்கல்லாக இருந்த நாளை நினைவில்லாமலே நினைவுபடுத்துகிறார்.

எண்ணுப்பெயரில் இருப்பது இன்னும் ஆழத்து அடுக்கு. இருபது, முப்பது என்று எண்பது வரை ஒவ்வொன்றும் பத்தில் முடிகிறது. அடுத்து ஒன்பது பத்துக்கு வரும்போது குழந்தை தடுமாறும், ஏனென்றால் வருவது ‘தொண்ணூறு’. பத்து இருக்கவேண்டிய இடத்தில் நூறு. அதேபோல எண்ணூறுக்கு அடுத்தது ‘தொள்ளாயிரம்’. ஒன்பதுக்குத் ‘தொண்டு’ என்று ஒரு பழம்பெயர் இருந்தது. தொல்காப்பியத்தில் அதன் ஆட்சி உண்டு. தனியாக அந்தச் சொல் எண்ணிலிருந்து போய் நெடுங்காலம் ஆயிற்று. ஆனால் தொண்ணூறிலும் தொள்ளாயிரத்திலும் அதன் பல் பதிந்திருப்பதாக மொழியியலார் காட்டுகிறார்கள். ஒன்றாம் வகுப்பில் நாள்தோறும் உரத்த குரலில் ஒப்பிக்கப்படும் புதைபடிவம் அது.

பத்தாம்பசலியும் இந்த வகையே, ஒரு திருப்பத்தோடு. ‘பசலி’ என்பது அரபுச் சொல்லான ‘ஃபஸ்ல்’ தந்தது. பருவம், விளைச்சல் என்று பொருள். நிலவரி கேட்பதற்குச் சந்திர ஆண்டு ஒத்துவரவில்லை, அறுவடை ஒரு மாதத்தில் இருக்க ஆண்டு வேறு மாதத்தில் முடிந்தது. அதனால் முகலாயர் ஆட்சியில் விளைச்சலை ஒட்டி ஏற்பட்ட வருவாய் ஆண்டு இது. நவாபு, கும்பினி என்று கைமாறித் தமிழகத்துக் கிராமக் கணக்கில் குடியேறியது. நான்கு இலக்கத்தில் ஓடும் அந்தக் கணக்கில் யாரோ ஒருவர் இன்னும் பத்தாவது பசலியிலேயே நிற்கிறார் என்றால், அவர் எவ்வளவு பின்தங்கியவர் என்று கணக்குப்பிள்ளைக்கு விளக்கவேண்டியதில்லை. அலுவலகக் கேலியாகத் தெரியும் இச்சொல், வேட்டி கட்டுகிறவரிலிருந்து செல்பேசியில் பணம் அனுப்பத் தெரியாதவர் வரை எல்லோர் மேலும் விழுந்திருக்கிறது.

ஆளைப் பழையவர் என்று பழிக்கும் இந்தச் சொல்லுக்குள் இருக்கும் ஆண்டுக் கணக்கோ இன்னும் ஓய்வு பெறவில்லை. ஜூலை 1-ஆம் தேதி தொடங்கி ஜூன் 30-இல் முடியும் பசலி ஆண்டு தமிழ்நாட்டு வருவாய்த் துறையில் இப்போதும் நடைமுறையில் இருக்கிறது. ஆங்கில ஆண்டின் பிற்பாதியில் 590-ஐக் கழித்தால் பசலி வரும்; 2024 ஜூலையில் பிறந்தது 1434-ஆம் பசலி. அது முடியும் தறுவாயில் கோடைவெயிலில் வட்டாட்சியர் அலுவலகத்தில், கிராமக் கணக்குகளைச் சரிபார்க்கும் ஜமாபந்தி நடக்கிறது. பந்தலில் மனுக் கொடுப்பவர்கள் வரிசையில் நிற்க, உள்ளே கிராம நிர்வாக அலுவலர்கள் அடங்கல் பதிவேட்டை விரித்துவைத்திருக்கிறார்கள். எந்தப் புல எண்ணில் என்ன பயிர் விளைந்தது என்று சொல்லும் அந்தப் பக்கத்தின் தலையில் எழுதியிருப்பது பசலி எண்தான்.